கிளுவை வேலிக்குள் ஓர் இறுதிப் போட்டி

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில், கால்பந்து மைதானம் தேடிக் கோயமுத்தூரிலிருந்து வெள்ளகோவில் வரை போய் வந்தேன். சுற்றுலா பிளாக்கில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். போட்டி நடத்த ஊர் தேடி அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் கோயமுத்தூரில் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். மண்டலப் பள்ளிகளின் இறுதிப் போட்டிக்கு இடம் தேர்ந்தெடுக்க இரண்டு பேர் கொண்ட குழு போட்டார்கள். தலைவர் நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றின் பி.டி. மாஸ்டர். மூன்று வருடமாக இறுதிப் போட்டி அவர் பள்ளிப் புல்தரையில்தான் நடந்தது. மூன்று வருடமும் அவர் பையன்களிடம் தோற்றது வெள்ளகோவில் அரசுப் பள்ளி. இந்த வருடமும் அதே இரண்டு அணிகள்தான். "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்து நம்ம கிரவுண்டையே எழுதிரலாம் டீச்சர்" என்றார். எனக்கு வந்ததே கோபம். தலையாட்டுவதற்கு என்னை எதற்குக் குழுவில் போட்டார்கள்?

அவர் காரில் கூப்பிட்டார். நான் மறுத்துவிட்டேன். ஆடப் போகிற பிள்ளைகள் பஸ்ஸில்தான் வருவார்கள், நானும் பஸ்ஸில் போனால்தான் பாதை தெரியும். காலை ஆறரைக்குக் கரூர் பஸ். பல்லடம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே மைதானம் சமதளமாக நன்றாகவே இருந்தது. ஆனால் நாலு பக்கமும் விசைத்தறி. விசிலை எடுத்து ஊதிப் பார்த்தேன். பத்தடி தள்ளி நின்ற வாட்ச்மேன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெஃப்ரி கத்திக் கத்தியே செத்துப்போவார் என்று அதை விட்டுவிட்டேன். தலைவர் பரம திருப்தியோடு காரில் ஏறினார்.

காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் போய் இறங்கப் பத்து மணி ஆகிவிட்டது. முத்தூர் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடை. வெயிலுக்குக் குடை எடுத்துப் போங்கள், வழியில் மரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

மைதானத்தைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கட்டாந்தரை செம்மண், கோடு கச்சிதம். ஆனால் கோட்டிலிருந்து மூன்றடி தள்ளி, நாலு பக்கமும் நெஞ்சு உயரத்துக்குக் கிளுவை வேலி. அத்தனையும் முள். பள்ளிக்காகத் தன் மேய்ச்சல் காட்டில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த விவசாயி குப்புசாமி, கோடு போட்ட மறுநாளே வேலிக்குக் கிளுவைக் குச்சி நட்டுவிட்டாராம்.

"வேலியில்லாம காட்டை எப்புடிங்க உடறது? மாடு பூந்துருமுங்க" என்றார் அங்கேயே நின்றிருந்த குப்புசாமி. அவர் தப்பு செய்ததாகவே நினைக்கவில்லை. பந்து வெளியே போனால் வெடித்துவிடும் என்று அந்தப் பையன்கள் நாலு வருடமாகப் பந்தைக் காலோடு ஒட்டியே பழகியிருந்தார்கள்.

தலைவர் வேலியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "ஒரு பையன் இதுல போய் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அது நியாயமான கேள்வி. வேலியை வெட்டிவிடலாமே என்று குப்புசாமியிடம் கேட்டேன்.

"அது மட்டும் வேண்டாமுங்க டீச்சர். வேலிக்கு முன்னால சுத்தியும் நாங்க நின்னுக்கறமுங்க. பந்தும் பையனும் எங்க மேலதான் வந்து உழுவும்."

"உங்க முதுகுல முள்ளு குத்துமே?" என்றார் தலைவர்.

"எங்க முதுகுதானுங்களே."

அந்த ஒரு பேச்சு எனக்குப் போதும். தலைவர் தன் பள்ளியின் பெயரை எழுதி அறிக்கையை நீட்டினார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மேலே புகார் போகும் என்றார். தாராளமாகப் போகட்டும், ஆடுகிற அணியின் மாஸ்டரே எப்படி இடம் தேர்ந்தெடுக்கிறார் என்று அங்கேயும் கேட்கிறேன் என்றேன். ஒரு வாரம் கழித்து அறிக்கையில் வெள்ளகோவில் என்று எழுதிக் கொடுத்தார்.

இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். கேலரியும் குழாயும் எண்ணுவதோடு நிற்காதீர்கள், பார்க்க யார் வருவார்கள் என்று கேளுங்கள். குழுத் தலைவருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆட்டம். பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று ஊரே வேலியை ஒட்டி மூன்று வரிசையாக நின்றது. ஒரு பந்தும் முள்ளில் படவில்லை. ஆனால் வெள்ளகோவில் தோற்றது, இரண்டுக்கு ஒன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தலைவர் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா, இங்க வெச்சும் தோத்துட்டாங்க. என்ன பிரயோசனம்?"

பக்கத்தில் நின்ற குப்புசாமி சட்டை முதுகில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "மூணு வருசமா தோத்துட்டு வந்து ஊட்டுல சொல்லுவானுங்க. பைனல்ல எப்புடி ஆடறானுங்கன்னு இன்னைக்குத்தானுங்க பாத்தோம். அடுத்த வருசத்துக்கும் இங்கயே எழுதிக்குங்க சார்."