நாற்பத்தொன்றாம் மெஷினின் மூட்டைகள்

லாக்கம்மா என்ற பெயரை வைத்தது ஆபீஸ். அதை நிலைக்க வைத்தது அவள் வாய். மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே, கீழே மெஷின் அறையில் ஒன்றாகச் சேர்ந்து கணக்குப் போடும் எண்பது கம்ப்யூட்டர்களுக்குள்ளும் புகுந்து வருவாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் செய்ததையும் பட்டதையும் மணி நிமிடத்தோடு எழுதி வைக்கும் கோப்புதான் லாக். அதை எண்பதிலிருந்தும் வாரிக்கொண்டு வருவது பன்னிரண்டு வருஷமாக அவள் பிழைப்பு. வீட்டிலும் இதே கதைதான். மாமியாரின் மூக்குக்கண்ணாடி உடைந்தால் யார், எத்தனை மணிக்கு, எந்தக் கையால் என்று விசாரணை வைப்பாள். "தாயே, நான் இல்லை" என்று புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸே அல்லோலகல்லோலப்பட்டது. மழையைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மாவின் கணக்கு, பத்தொன்பது நாள் ஓடிவிட்டுத் திங்கள் மதியம் செத்துப் போயிருந்தது. அந்த அம்மா அழுதார். மேனேஜர் குதித்தார். நம் லாக்கம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு லாக்கைக்கூடத் திறந்து பார்க்காமல் மேனேஜர் ரூமுக்குப் போய் வாயைத் திறந்தாள்.

"சூடுதான் சார். நேத்து மத்தியானம் ஏசிக்காரர் ஃபில்டர் கழுவறேன்னு அரை மணி நேரம் ஏசியை நிறுத்தி வெச்சிருந்தார். எதுக்கும் லாக்கையும் எடுத்துப் பாத்துடறேன்."

ஏசிக்காரருக்கும் அவளுக்கும் ஆறு வருஷமாக ஆகாது. அவர் வைக்கிற குளிரில் இவள் ஸ்வெட்டரோடுதான் வேலை பார்க்கிறாள். ஆனாலும், "சாயங்காலத்துக்குள்ள அந்தாளை வீட்டுக்கு அனுப்பறேன்" என்று மேனேஜர் சொன்னதும் அவளுக்கே திக்கென்றது. இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு அது. சொன்னதை விழுங்கவா முடியும்?

இடத்துக்கு வந்து கட்டளையைத் தட்டினாள். அவளே எழுதிய கட்டளை அது. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் போய், லாக்குகளை ஒரு மூட்டையாகக் கட்டி, மூட்டையை இவளிடம் கொண்டுவந்து சேர்க்கும். எழுபத்தொன்பது மூட்டைகள் வந்தன. நாற்பத்தொன்றிலிருந்து வரவில்லை.

"இந்தக் கழுதைக்கு என்ன கேடு?" என்று மறுபடி தட்டினாள். மூட்டை கட்ட இடமில்லை என்றது. டிஸ்க் நிரம்பிவிட்டதாம்.

மூட்டையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று உள்ளே போய் லாக்கை அங்கேயே திறந்து படித்தாள். சூடு என்ற பேச்சே அதில் இல்லை. திங்கள், ஒரு மணி பன்னிரண்டு நிமிடம், எழுத இடமில்லை, கணக்கு நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிற எருமை யாரென்று பார்த்தாள். திரை முழுக்க ஒரே பெயர். அவளுடைய பெயர்.

பன்னிரண்டு வருஷத்து மூட்டைகள்! அவளிடம் வந்து சேர்ந்ததெல்லாம் நகல். கட்டிய மூட்டை கட்டிய இடத்திலேயே கிடந்தது. வழியில் நகல் கெட்டுப்போனால் உதவுமே என்று, மூட்டையை அழிக்கிற வரியை அப்புறம் சேர்க்கலாமென விட்டவள், சுத்தமாக மறந்துபோனாள். மற்ற மெஷின்களில் டிஸ்க் பெரிது, தாங்கிக்கொண்டன. நாற்பத்தொன்று பழசு.

ஒரு வரி தட்டினால் மூட்டைகள் மொத்தமும் போய்விடும். பழி ஏசிக்காரர் தலையிலேயே கிடக்கும். யாருக்கும் தெரியாது. வரியைத் தட்டியும் விட்டாள். என்டர் மேல் விரல் நின்றது. அப்படியே நாலு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள்.

"தூ! நீயெல்லாம் ஒரு மனுஷி!" என்று சத்தமாகவே தன்னைத் திட்டிக்கொண்டு அந்த வரியை அழித்தாள். லாக்கையும் மூட்டைகளின் பட்டியலையும் மேனேஜருக்கு அனுப்பிவிட்டு, நேரே அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கண்டபடி திட்டினார். வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாவின் கணக்கு மறுபடி ஓடி முடிகிறவரை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரவேண்டும் என்றார். தலையாட்டினாள்.

வெளியே ஏசிக்காரர் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"சூடுதான் காரணம்னு உங்களைப் போட்டுக்கொடுத்தது நான்தான்" என்றாள். "அதுக்கு எந்த லாக்கும் கிடையாது. நானா சொன்னாத்தான் உண்டு."

"தெரியும்க்கா. அப்போ மேனேஜர் ரூமுக்கு மேல ஏசி குழாய்க்குள்ள தலையை விட்டுட்டிருந்தேன். அங்க பேசறது எல்லாம் ஆறு வருஷமா எனக்குக் கேக்குது. என்னை நீங்க சொட்டைன்னு சொல்றதுகூட."

லாக்கம்மாவுக்கு முகம் எரிந்தது. "அப்போவே வந்து நாலு கேள்வி கேட்டிருக்கலாமில்ல?"

"லாக்கை எடுத்துப் பாக்கறேன்னும் சொன்னீங்களேக்கா. நீங்க எடுத்தா எதையும் மறைக்க மாட்டீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். அந்த நாலு நிமிஷத்தைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.