சுவரைக் கண்டால் நிற்கும் ரவுட்டர்

எங்கள் அலுவலகத்துக்கு வைஃபை ரவுட்டர் வாங்கும் பொறுப்பு, பிழை திருத்தும் புரூஃப் அக்காவின் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு ரவுட்டர் கையேட்டில் அவர் நூற்றுப் பன்னிரண்டு பிழைகளைத் திருத்தியிருந்தார் என்பதுதான்.

"ரவுட்டரைப் பத்தி முழுசாப் படிச்ச ஆள் நம்மள்ல நீங்க ஒருத்தர்தாம்மா," என்றார் முதலாளி.

அந்தக் கணக்கில் பார்த்தால் அக்காவுக்குத் துணி துவைக்கும் மெஷின், தீயணைப்பான், லிஃப்ட் எல்லாமே அத்துப்படி. வீட்டுச் சாமான்களோடு பெட்டியில் வைக்கிற கையேடுகளை மொழிபெயர்த்து, கம்ப்யூட்டரில் பக்கம் கட்டி, அச்சுக்கு அனுப்புவது எங்கள் தொழில். முதலாளியோடு சேர்த்து மொத்தம் ஆறு பேர். பக்கம் கட்டுபவன் நான். கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஒரே மனிதப்பிறவி அக்கா, எழுதியவர்களே படிப்பதில்லை. ஒரு முறை 'ஈரக் கையால் தொடவும்' என்று அச்சுக்குப் போகவிருந்ததைப் பிடித்தவர் அவர்தான்.

அலுவலகத்தின் முன்பக்கம் ஒரு பெரிய கூடம். பின்னால், ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி, ஒரு சின்ன அறை. பழைய கையேடுகள் திணித்த ஆறு இரும்பு பீரோக்கள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றுக்கும் பின்னால் அக்காவின் மேசை. அங்கே செல்போன் சிக்னலும் வராது, பழைய ரவுட்டரும் எட்டாது. திருத்த வேண்டிய தாள்களை நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம். சிவப்புப் பேனாவால் அடித்துத் திருப்பித் தருவார்.

அக்காவின் வீட்டில் கணவர் டிவி செய்தியோடு சண்டை போடுவார். இரண்டு பையன்களும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேம் விளையாடியபடி கத்துவார்கள். நாத்தனார் தினமும் ஒரு மணி நேரம் ஸ்பீக்கரில் பேசுவார். "எனக்கு நகைநட்டு ஆசையெல்லாம் கிடையாது தம்பி," என்று ஒரு நாள் அக்கா என்னிடம் சொன்னார். "பத்துல இருந்து அஞ்சரை வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அது போதும்." அதற்காகவே சம்பளம் கூடுதலாகக் கிடைத்த இரண்டு வேலைகளை வேண்டாம் என்றவர் அவர்.

முதலாளிக்கோ அந்த வருடம் வீடியோ மீட்டிங் பைத்தியம் பிடித்திருந்தது. வாடிக்கையாளர்கள் நேராக முகம் பார்த்துப் பேச வேண்டும் என்கிறார்களாம். பாதிப் பேச்சில் படம் உறைந்து, முதலாளி வாயைப் பிளந்தபடி நின்றுவிடுவார். "மூலை முடுக்கெல்லாம் சிக்னல் போகணும்மா. உங்க ரூமுக்கும் சேர்த்து. அப்புறம் நீங்களும் மீட்டிங்ல உக்காரலாம்," என்றார். அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "சரிங்க சார்," என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே அந்தப் பழைய கையேட்டை பீரோவிலிருந்து தேடி எடுத்தார். அதில் 'தவிர்க்க வேண்டியவை' என்று ஒரு பக்கம் இருந்தது. தடித்த சுவர், இரும்பு அலமாரி, பெரிய தண்ணீர்க் கேன்கள். ஊரே தவிர்ப்பதற்காகப் படிக்கிற பக்கத்தை அக்கா சேர்ப்பதற்காகப் படித்தார். மறுநாள் கூடத்தில் கிடந்த பத்துக் குடிநீர்க் கேன்களும் பின்னறை வாசலோரம் இடம் மாறின. "வழியில கிடக்குது, தடுக்குது," என்று காரணம் சொன்னார்.

கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் மூன்று பெட்டிகள் சேர்ந்த ஒரு செட்டைத் தூக்கி வைத்தார். "ரூமுக்கு ஒண்ணா வெச்சுடுங்கம்மா, பாத்ரூம்ல கூட சிக்னல் வரும்."

"பாத்ரூம்லயுமா?" என்று அக்கா திகிலோடு பின்வாங்கினார். "ஒரே பெட்டி போதும். இதுல ரெண்டு அலைவரிசை இருக்குமே?"

"ஆமாம்மா. ஒண்ணு சுவரைத் தாண்டிப் போகும், ஆனா மெதுவா. இன்னொண்ணு செம வேகம். என்ன, சுவரைக் கண்டா நின்னுடும்."

"மெதுவா போறதை அணைச்சு வெக்கலாமா?"

கடைக்காரர் இப்படி ஒரு கேள்வியை அதுவரை கேட்டதில்லை போலும். "வெக்கலாம். ஆனா எதுக்கு?"

"எங்க முதலாளிக்கு மெதுவா போற எதுவும் பிடிக்காது," என்றார் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

புது ரவுட்டர் கூடத்தின் நட்டநடுவில், அக்காவின் மேசைக்கு எவ்வளவு தூரமாக முடியுமோ அவ்வளவு தூரத்தில் மாட்டப்பட்டது. கூடத்தில் வேகம் பறந்தது. பின்னறையில் ஒரு கோடு கூட இல்லை. "அந்தச் சுவருக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது சார்," என்று அக்கா வருத்தப்பட்டார். முதலாளி அவருக்கு ஆறுதல் சொன்னார்!

வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. படம் உறையாததால் மீட்டிங் முடிவதே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் முதலாளி ஒரு செய்தி போட்டால் அரை நிமிடத்தில் 'பார்த்தாச்சா?' என்று இன்னொன்று வரும். நெட் இல்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. முதல் குற்றவாளி நான்தான். "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம்," என்று பீரோக்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மறுநாள் மொழிபெயர்ப்பாளர் வந்தார். அந்த வாரக் கடைசிக்குள் நாலு பேர் ஆகிவிட்டோம்.

பிறகு ஒரு நாள் முதலாளியே நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "வாடிக்கையாளருங்க உயிரை எடுக்கறாங்கம்மா. இங்கதான் ஒருத்தரும் பிடிக்க முடியாது," என்று பெருமூச்சு விட்டவர், தன் ரத்த அழுத்தத்தின் வரலாற்றை ஆரம்பித்தார். அது மூன்று நாள் ஓடியது. அக்கா ஒரே வரியை ஐந்து முறை படித்ததைப் பார்த்தேன். எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

நாலாம் நாள் அக்கா தாள்களை வாரிக்கொண்டு கூடத்துக்குப் போனார். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. ரவுட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்து இருபது பக்கம் நிம்மதியாகத் திருத்தினாராம். இருபத்தோராம் பக்கத்தில் முதலாளியின் கம்ப்யூட்டர் அலறத் தொடங்கியது. சத்தம் நின்றால் போதும் என்று பட்டனை அழுத்தியிருக்கிறார். திரையில் எங்கள் பெரிய வாடிக்கையாளர். அவருடைய கையேட்டின் பதினாலாம் பக்கத்தில் ஒரு சந்தேகம், முப்பதாம் பக்கத்தில் இன்னொன்று. எல்லா வரியையும் படித்தவர் ஆயிற்றே, அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது: இனி எங்கள் கூட்டங்களில் அந்த அம்மா மட்டும் பேசினால் போதும். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் மேசையைத் தூக்கிக் கூடத்தில் போடச் சொன்னார், புதுக் கேமராவும் வாங்கித் தந்தார். "இவ்ளோ நாளா உங்களைப் போய் உள்ள அடைச்சு வெச்சிருந்தேனேம்மா," என்று நிஜமாகவே கண்கலங்கினார். அக்காவும் கண்கலங்கினார். பார்த்தவர்கள் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது பின்னறையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம். என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் முதலாளி உதட்டில் விரலை வைப்பார். "மெதுவாப் பேசுங்கப்பா, அக்கா மீட்டிங்ல இருக்காங்க."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்கும். "ஆமா சார், கேக்குது. நல்லாவே கேக்குது."