ராத்தாவோடு நடந்த மாலைகள்

சுண்ணாம்பு பூசிய சுவரில் ஒரு கையின் விரல்கள் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தன. சுட்டுவிரல் ஓரடி வைத்தால் நடுவிரல் அதற்கு மேலே ஓரடி. தோள் உயரத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன. கைக்குரியவர் கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் ஒரு விரலளவு ஏற்றினார். பிறகு மெதுவாக இறக்கி, நுனியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சேலையில் துடைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எண்பத்தொன்பதாம் ஆண்டின் தொடக்கம் அது. யாழ்ப்பாண நகரத்து ஆஸ்பத்திரி வார்ட்டில் நான் ராத்தாவை முதன்முதலாகக் கண்டது அப்படித்தான். எங்கள் இருவருக்குமே இடது மார்பை வெட்டி எடுத்திருந்தார்கள். அவருக்கு என்னைவிடச் சில நாட்கள் முந்தி. நான் யாரோடும் பேசாமல் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தேன்.

"நீர் ரீச்சர் எண்டு நேர்ஸ் சொன்னா. எழும்பி வாரும். இந்தச் சுவரிலை உமக்கும் இடம் இருக்கு" என்றார்.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. ஓட்டுமடத்தில் அண்ணையின் வீட்டில் இருந்துகொண்டு சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து வந்தேன். பேசி முடிந்திருந்த ஒரு சம்பந்தம், எனக்கு இன்ன நோய் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் நின்றுபோயிற்று. முஸ்லிம் வீட்டு முறைப்படி நான் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்ட அவர் என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர். சோனகத் தெருப் பக்கம் வீடு. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றாலும் அதுவரை ஒருவரை ஒருவர் அறியோம். அவருடைய கணவர் தையற்காரர். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்றே அழைக்கப் பழகினேன். பிந்திப் பிறந்த ஒரே மகள் அப்போது என் வகுப்புப் பிள்ளைகளின் வயதினள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாக இருத்திச் சொன்னார்: "மூலைக்குள்ளை படுத்துக் கிடக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் நடவுங்கோ. ஊசி மருந்து ஏத்திற காலத்திலையும் ஏலுமான தூரம் நடக்க வேணும்."

"எங்கை போறதுக்கு டொக்டர்?" என்று ராத்தா கேட்டார்.

"ஒரு இடத்துக்கும் இல்லை. சும்மா நடக்கிறது."

ராத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்று விடியற்காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேகமாக நடக்கும் பெண்களைக் காணும்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும். அந்த நாளில் எங்கள் ஊரில் பெண் என்பவள் எங்காவது போவதற்காகத்தான் நடந்தாள். சந்தைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, செத்த வீட்டுக்கு. போகுமிடம் இல்லாமல் நடக்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தனியாக நடந்தால் தானே கதை, இரண்டு பேராக நடந்தால் ஆளுக்கு ஆள் துணை என்று ராத்தாதான் யோசனை சொன்னார். நானாவும் மறுக்கவில்லை. அண்ணிக்குத்தான் வெட்கமாக இருந்தது. "சனம் கேக்குது, நான் என்ன மறுமொழி சொல்ல?" என்றாள். அதற்காகவே, சந்தைக்குப் போகிறவள்போல, நான் ஒரு வெறும் பையைக் கையில் வைத்துக்கொண்டேன்.

பின்னேரத் தொழுகை முடிந்து அவர் வெளிக்கிடுவார். ஒழுங்கையால் வந்து ஓட்டுமடத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு மேற்கே போகிற றோட்டில் இறங்குவோம். முதலில் பனங்காணி வரைக்கும்தான் முடிந்தது. ஊசி மருந்து ஏற்றிய நாட்களில் அதுவே பெரும் தூரம். வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நான் சத்தியெடுப்பேன். ராத்தா குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பார். "எடுத்திட்டீரோ? அப்ப வாரும், வயிறு பாரமில்லாமல் நடக்கலாம்" என்பார். பிறகு ஒரு நாள் அவர் அதே வேலியைப் பிடித்தார், நான் குடையைப் பிடித்தேன். இருவருக்கும் தலைமயிர் கொட்டிற்று. அவருக்கு முக்காடு இருந்தது. எனக்கு முந்தானையை எப்படி இழுத்து மூடுவதென்று அவர்தான் காட்டித் தந்தார். வடக்கே இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கறண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, பிடித்து வந்த வாரங்களில் நெஞ்சுத் தோல் வெந்து கறுத்து உரிந்தது. சட்டை பட்டால் உயிர் போகும். அப்போதும் நடந்தோம்.

இந்தியன் ஆமி இருந்த காலம். வழியில் அவர்களுடைய காவல் சென்ரி ஒன்று. முதல் நாள் எனது பையைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே ஒன்றும் இல்லாததே சந்தேகமாகப் போயிற்று. எங்கே போகிறீர்கள் என்று ஒருவன் திரும்பத் திரும்பக் கேட்டான். ராத்தா இடது கையை உயர்த்திக் காட்டினார். தோளோடு அது நின்றது. மற்றக் கையால் நெஞ்சில் ஒரு கோடு இழுத்தார். "டொக்டர். வோக்கிங்" என்றார். அவன் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பையை என்னிடம் தந்தான். அதன் பிறகு எங்களை அவன் மறித்ததில்லை.

நெஞ்சின் வெறுமையை மறைக்க ராத்தா தன் கையாலே இரண்டு பைகள் தைத்தார், தனக்கொன்று எனக்கொன்று. நல்ல பருத்தித் துணி. உள்ளே இலவம்பஞ்சு, பாரத்துக்குக் கொஞ்சம் குரக்கன் தானியம். பஞ்சு மட்டும் என்றால் நடக்கும்போது மேலே ஏறிவிடும் என்பதை ஒரு வாரம் நடந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார். "மழையிலை மட்டும் நனையாதேயும் ரீச்சர், முளைச்சிடும்" என்று அவர் சொன்னபோது நடுறோட்டில் நின்று சிரித்தேன். நோய் வந்த பிறகு நான் சிரித்த முதற் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

சாவைப் பற்றி நாங்கள் அதிகம் கதைக்கவில்லை. ஒருமுறை மட்டும் அவர் சொன்னார்: "மௌத்துக்குப் பயமில்லை. மகளுக்கு ரெண்டு கையாலையும் தலை பின்னிவிட ஏலாமல் கிடக்கு. அதுதான் எனக்கு வேணும்." சுவரில் விரலை ஏற்றுவதும், கையை வீசி வீசி நடப்பதும் அதற்காகத்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் தலையில் இரட்டைப் பின்னல். ஒன்று கொஞ்சம் கோணல். ராத்தா அவளைத் திருப்பி எனக்குக் காட்டினார்.

இந்தியன் ஆமி போனபின் சில மாதங்கள் நாங்கள் கல்லுண்டாய் வெளி வரைக்கும் நடந்தோம். ஒரு பக்கம் கடல்நீரேரி, மறுபக்கம் உப்புப் பூத்த தரவை நிலம், முகத்தில் அடிக்கிற காற்று. ஆனியில் இலங்கை ஆமிக்கும் தமிழ்ப் பெடியளின் இயக்கத்துக்கும் மறுபடி சண்டை தொடங்கிற்று. கோட்டையிலிருந்து ஷெல் வரும், மேலே ஹெலி வந்து சுடும். அந்த வெளியில் ஒதுங்க ஒரு மரமில்லை என்பதால் ஒழுங்கைகளுக்குள்ளே மதிலோரமாக நடந்தோம். விழுந்து படுக்கவேண்டி வந்தபோதெல்லாம் இருவரும் வலப்பக்கமாகவே விழப் பழகியிருந்தோம். கறண்ட் பிடிக்கிற இடத்துக்குப் போகிற வழி அடைபட்டது. தினமும் விழுங்கவேண்டிய குளிசை கடைகளில் கிடைப்பது அருந்தலாயிற்று. ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்குப் பாதி. கோட்டைச் சண்டை ஓய்ந்ததும், இனி மாரிக்கு முந்திக் கொஞ்சநாள் வெளிப்பக்கம் போகலாம் என்று ராத்தா சொல்லியிருந்தார்.

அந்த ஐப்பசியில், ஒரு காலையில், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது செய்தி வந்தது. முஸ்லிம் ஆட்களையெல்லாம் இயக்கம் மைதானத்துக்குக் கூப்பிட்டதாம், உடனே ஊரைவிட்டுப் போகச் சொன்னதாம். நான் நம்பவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சோனகத் தெருவுக்குத் திரும்புகிற சந்தியில் துவக்கோடு ஒரு பெடியன் மறித்தான்.

"அங்காலை போகேலாது அக்கா."

"எனக்குத் தெரிஞ்ச ஒராள் உள்ளுக்கை இருக்கிறா. வருத்தக்காறி."

"எல்லாரும் இதாலைதான் வருவினம்."

வந்தார்கள். கைக்குழந்தைகளோடும் கிழவர்களோடும் ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். சந்தியில் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் நிறுத்திச் சோதித்தார்கள். நகையும் காசும் ஒரு மேசையில் குவிந்தன. ராத்தா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். சோதித்த பெண்ணுக்கு இருபது வயது இருக்காது. அவளுடைய கை ராத்தாவின் சட்டைக்குள் போய் நின்றது. துணிப்பையை வெளியே இழுத்தாள். அமத்திப் பார்த்தாள். உள்ளே நறநறத்தது.

"இதுக்குள்ளை என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

ராத்தா மகளைத் தன்னோடு அணைத்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் எதைச் சொல்வது? அந்தப் பெண் சின்னக் கத்தியால் துணியைக் கீறினாள். குரக்கன் றோட்டில் கொட்டிற்று.

சைக்கிளைப் போட்டுவிட்டு நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. பெடியன் பின்னால் நின்று கத்தியது மட்டும் கேட்டது. சட்டைக்குள் கைவிட்டு என்னுடையதை எடுத்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது நெஞ்சு தங்கச்சி. புற்றுநோய் எண்டு வெட்டி எடுத்தவை. அதுக்குப் பதிலா வைக்கிறது. எனக்கும் இல்லை, பாரும்."

அவள் கத்தியை மடக்கினாள். என்னையும் பார்க்கவில்லை, ராத்தாவையும் பார்க்கவில்லை. "போங்கோ, போங்கோ" என்றாள். என்றாலும் பிள்ளையின் காதிலிருந்த தோட்டைக் கழற்றி மேசையில் வைத்த பிறகுதான் விட்டாள்.

என் பையை ராத்தாவின் கைக்குள் வைத்தேன்.

"உமக்கு?" என்றார்.

"எனக்கு வீடு கிட்டத்தானே."

அவர் அதைச் சட்டைக்குள் வைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டார். நானா வந்து சேர்ந்தார். சனத்தோடு சனமாக மூவரும் நடந்தார்கள். நானும் கூடப் போக எட்டு வைத்தேன். பெடியன் என் தோளுக்குக் குறுக்கே துவக்கை நீட்டினான். முந்தானையால் நெஞ்சை மூடிக்கொண்டு, அவர்கள் மறையும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

பிறகு நான் தனியே நடந்தேன். நிறுத்தியிருந்தால் படுக்கையில்தான் விழுந்திருப்பேன். ராத்தாவின் வீட்டைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. முதலில் தையல் மெசின் போயிற்று. பிறகு கதவு, யன்னல். அடுத்த மாரிக்குள் கூரை ஓடும் மரமும் போய் நாலு சுவர்கள் நின்றன.

அவர்கள் புத்தளத்தில் இருப்பதாக அறிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தொண்ணூற்றிரண்டில் வைத்தியத்துக்கென்று இயக்கத்திடம் பாஸ் எடுத்து, கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போனபோது, அங்கிருந்து பஸ் பிடித்துத் தேடிப் போனேன். உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசைகள். நானா உப்பு அள்ளும் கூலிவேலைக்குப் போயிருந்தார். ராத்தா பாயில் கிடந்தார். இடது கை தொடையளவுக்கு வீங்கிப்போயிருந்தது. நோய் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டதாம்.

"ஆர், ரீச்சரோ?" என்றார். "இப்பவும் நடக்கிறீரோ?"

"ஓம் ராத்தா."

"ஆரோடை?"

"தனியத்தான்."

"வந்த புதிசிலை நானும் காம்பைச் சுத்தி நடந்தனான். சனம் சிரிச்சுது. குளிசை இல்லாமல் கன மாசம். பிறகு முதுகு விடேல்லை." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "எங்கடை வீடு எப்பிடி இருக்கு?"

வரும் வழி முழுக்க இந்தக் கேள்விக்கு ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. "கூரை இல்லை ராத்தா. கதவும் இல்லை. சுவர் நிக்குது."

"சொன்னது நல்லது" என்றார். "எல்லாரும் அப்பிடியே இருக்கெண்டுதான் சொல்லினம். மகளும் போவம் போவமெண்டு நிக்கிறாள்."

மாரி தொடங்கமுன் ராத்தா இறந்துபோனார். அந்தச் செய்தி எனக்கு வந்து சேர்ந்தது தை பிறந்த பிறகு. ஒரே வார்ட், ஒரே நோய், ஒரே டொக்டர். ஒரே றோட்டில் ஒரே தூரம் நடந்தோம். எனக்கு வீடு இருந்தது, குளிசையும் எப்படியோ கிடைத்தது. நடந்ததால் பிழைத்தேன் என்று இப்போது என்னைக் காட்டிச் சொல்கிறவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை.

நான் புத்தளத்துக்குப் போன அன்று பின்னேரம் என்னைப் பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போக ராத்தா மகளை அனுப்பினார். அவள் என் தோளுக்கு மேலே வளர்ந்திருந்தாள். வெள்ளை மணல் றோட்டில் எனக்கு ஓரடி முன்னால் நடந்தாள். பஸ் வரத் தாமதமாயிற்று. படிப்பைப் பற்றிக் கேட்டேன், ஒற்றைச் சொல்லில் மறுமொழி சொன்னாள். பிறகு தூரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்களைப் போகச் சொன்னவை உங்கடை ஆக்கள்தானே ரீச்சர்?"

நான் அவர்களில் ஒருத்தியல்ல என்று சொல்லலாம். என்னையும் மறித்தார்கள், நீயே கண்டாய்தானே என்று சொல்லலாம். அவள் கேட்டது அதுவல்ல.

"ஓம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பஸ் வந்தது. என் பையை வாங்கிப் படியில் வைத்தாள்.

"கவனமாப் போங்கோ ரீச்சர்" என்றாள், தாய் பழக்கிய மரியாதையோடு. பஸ் வெளிக்கிடும் வரைக்கும் நிற்கவில்லை.