அடியில் விட்ட ஒரு பிடி மாவு

தொண்ணூறோ தொண்ணூற்றொன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் நான் மாவு மில் நடத்திக்கொண்டிருந்த காலம். மில்லில் இரண்டு மெஷின்கள். ஒன்று மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு. மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று.

மில்லில் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் தொண்டை பெரிது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்ததில் பாதி, அங்கே தூக்கும் பையுமாக வரிசையில் நின்றவர்கள் சொல்லித் தந்ததுதான். ஒருவர் அரைத்ததில் கொஞ்சம் மெஷினுக்குள் தங்கிவிடும், அடுத்து வருபவரின் மாவோடு சேர்ந்து விழும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காய்கறிக் கூடை சுமக்கும் அம்மா ஒருவர் தனக்குப் பின்னால் நிற்பவரைச் சீண்டுவார்: "ஒன் வூட்டு இடியாப்பத்துல பாதி என் வூட்டு அரிசிதான் கீது. ஒரு நாளாச்சும் கூப்ட்டு ஒரு வாய் போட்டியா நீ?" சந்தே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எங்கள் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது என் மனைவி அவனுக்காகச் சத்துமாவு செய்ய ஆரம்பித்தாள். கேழ்வரகு, கம்பு, கோதுமை, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, ஜவ்வரிசி, கொஞ்சம் முந்திரி, ஏலக்காய். பதமாக வறுத்துக் கொடுப்பாள், நான் அரைப்பேன். அவன் கொழுகொழுவென்று ஆனதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள், பிறகு அடுத்த தெருவில் கேட்டார்கள். மெல்ல அது வியாபாரமாகிவிட்டது. பிளாஸ்டிக் கவரின் வாயை ஆக்ஸா பிளேடில் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஓட்டி ஒட்டுவோம். கவரில் பெயரும் கிடையாது, தேதியும் கிடையாது. "பேரு எதுக்கு சார், உங்க சம்சாரம் கை போதாதா?" என்பார் ஸ்கூல் டீச்சர் ஒருவர். அந்தப் பேச்சில் நாங்கள் இருவரும் உச்சி குளிர்ந்து போவோம்.

அரைத்த மாவு ஒரு பெரிய அலுமினிய டிரம்மில் இருக்கும். அந்த டிரம்மை என் மனைவி ஒருபோதும் காலி பண்ண மாட்டாள். அடியில் ஒரு பிடியாவது விட்டு, அதன் மேல்தான் புது மாவைக் கொட்டிக் கலப்பாள். "வெறும் பாத்திரமா நிக்கக் கூடாதுங்க, லட்சுமி கோவிச்சுக்குவா" என்பாள். அரிசிப் பானையில் எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்தார், அக்காவும் அப்படித்தான் செய்தார். அதில் தப்பு என்று ஒன்று இருக்க முடியும் என்று நாங்கள் நினைத்தே பார்த்ததில்லை.

ஸ்டேஷன் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு பாய், மாதம் தவறாமல் எங்களிடம் மாவு வாங்குவார். அவருக்கு இரண்டு வயதில் ஒரே பெண் குழந்தை. ஒரு நாள் காலையில், மில்லில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது, கையில் பாதி கவர் மாவோடு வந்து நின்றார். சட்டை கசங்கி, கண் சிவந்திருந்தது. நான் மெஷினை நிறுத்தினேன்.

"பாய், இன்னா ஆச்சு?"

"நேத்து கஞ்சி குட்ச்சிது அண்ணே பாப்பா. கொஞ்ச நேரத்துல ஒதடு வீங்கி, மொகம் வீங்கி, மூச்சே வரல. ஆட்டோல தூக்கிகினு ஓடினோம். ஊசி போட்டாங்க. இப்போ பரவால்ல."

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று வரிசையில் நின்ற எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சண்டைக்கு வர்ல அண்ணே. இதுல ஏதோ ஒண்ணு பாப்பாவுக்கு ஆகலயாம். அது எதுன்னு தெரிஞ்சே ஆவணும்னு டாக்டர் சொல்றாரு. அடுத்த வாட்டி இந்த மாதிரி வந்தா தாங்காதாம். நீங்க வந்து சொல்லிடுங்க."

மில்லை என் மனைவியின் தம்பியிடம் விட்டுவிட்டு அவரோடு சைக்கிளில் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். நான் பாடம் ஒப்பிப்பது போல் கேழ்வரகில் தொடங்கி ஏலக்காய் வரை சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டினார்.

"இதையெல்லாம் இந்தக் குழந்தை ஆறேழு மாசமா சாப்பிடுது. ஒண்ணும் ஆகல. இந்தக் கவர்ல புதுசா ஏதோ இருக்கு. நீங்க சொல்றது சமையல் குறிப்பு சார். இந்தக் கவர்ல நிஜமா என்ன போச்சுன்னு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இருவரும் யோசிக்க யோசிக்க, ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தது. பச்சைப்பயறு கிடைக்காத வாரம் ஒன்றில், சோயாவில் சத்து அதிகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைப் போட்டிருந்தாள். முந்திரி குறைந்தபோது மளிகைக் கடைக்காரர் உடைத்த முந்திரி என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். அதில் வேர்க்கடலைப் பருப்பும் கலந்திருந்ததைப் பார்த்தும், அதுவும் சத்துதானே என்று வறுத்துவிட்டாள். எங்கள் மாவுக்கு முன்னால் யாரோ ஒருவர் இட்லிப் பொடிக்கு எள் அரைத்துக்கொண்டு போனது எனக்கு ஞாபகம் வந்தது. வழக்கம்போல மெஷினுக்குள் தங்கியது எங்கள் மாவில்தான் இறங்கியிருக்கும்.

"எந்தக் கவருக்கு எது போச்சுன்னு சொல்லு" என்றேன்.

"எப்பிடிங்க சொல்லுவேன்? எல்லாம் ஒரே டிரம்லதானே கொட்டினேன்" என்றாள்.

டிரம்மைத் திறந்து பார்த்தோம். அடியில் பழைய மாவு, அதற்கும் அடியில் அதைவிடப் பழைய மாவு. எங்கேயும் ஒரு கோடு இல்லை. சோயா போட்ட வாரத்து மாவா, வேர்க்கடலை விழுந்த மாவா, எள் ஒட்டிய மாவா? ஒரே நிறம், ஒரே வாசனை, நாங்கள் பெருமைப்பட்ட அதே வாசனை. லட்சுமி போகக்கூடாது என்று விட்ட ஒவ்வொரு பிடியும் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கலந்து வைத்திருந்தது.

மறுபடியும் டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு, பாயின் மனைவியைப் பார்த்து, "அப்ப எல்லாத்தையும் நிறுத்திடுங்கம்மா. வேர்க்கடலை, சோயா, எள்ளு, முந்திரி, எதுவும் வேணாம். வெளியில எங்கேயும் எதுவும் கொடுக்காதீங்க. எதுன்னு தெரிஞ்சிருந்தா ஒண்ணை மட்டும் நிறுத்தியிருக்கலாம்" என்றார். குழந்தை இன்னும் பெரியதானால் ஏதாவது பரிசோதனை செய்து பார்க்கலாம், ஆனால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தம்மா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "சரிங்க டாக்டர்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் என் மனைவி டிரம்மில் இருந்த மாவு முழுவதையும் குழி வெட்டிக் கொட்டினாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வாசலில் கவிழ்த்து வைத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒரு பாத்திரம் அடியோடு காலியாக நின்றது அதுதான் முதல் தடவை. "பாக்கவே பயமா இருக்குங்க" என்றாள். ரொம்ப நேரம் அழுதாள்.

பிறகு எல்லாவற்றையும் மாற்றினோம். ஒரு தடவை அரைத்தது தீர்ந்த பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு தடவையும் அரைத்ததில் ஒரு சின்னக் கவரைத் தனியாக எடுத்து, தேதியும் என்னென்ன போட்டோம் என்பதும் எழுதிப் பரணில் வைப்போம். எள்ளும் கடலையும் மிளகாய் மெஷினுக்குப் போயின. சத்துமாவு அரைக்கும் முன் மெஷினைப் பிரித்துத் துடைப்பேன். வரிசையில் நிற்பவர்கள் கேலி பண்ணினார்கள். "இன்னா மச்சான், மெஷினுக்குத் தலைக்கு ஊத்துறியா?" என்றான் ஒருத்தன். காய்கறி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகு அந்த இடியாப்ப ஜோக்கை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆனால் அந்தக் குழந்தைக்கு இதில் எதுவும் உதவவில்லை. பாய் வீட்டில் மில்லுக்கு அரிசிகூட அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் தெரு வழியாகப் போகும்போது உரலில் உலக்கை விழும் சத்தம் கேட்கும். மகளுக்கு இடியாப்பம் வேண்டுமென்றால் அந்தம்மா ஊறவைத்த அரிசியைத் தானே இடித்துச் சலிப்பார். கூப்பிடு தூரத்தில் மில்லை வைத்துக்கொண்டு, நான் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சைக்கிளை மிதித்துக்கொண்டு போவேன். நவராத்திரியில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் சுண்டலுக்குக் கை நீட்டும்போது அந்தப் பெண் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் என்று என் மனைவி வந்து சொல்வாள்.

சில வருஷங்களில் அவர்கள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் குடிபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். தாம்பரம் ஸ்டேஷனில், செங்கல்பட்டு வண்டிக்காக அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். ஸ்கூல் யூனிஃபார்ம், இரட்டைப் பின்னல். ஒல்லியாக, உயரமாக வளர்ந்திருந்தாள். வறுத்த கடலைக்காரர் ஒருவர் பக்கத்தில் வரவும் அந்தம்மா சட்டென்று மகளைத் தன் மறுபக்கம் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கீங்களா அண்ணா? அக்கா சௌக்கியமா?" என்று விசாரித்தார். குரலில் துளி வருத்தம் இல்லை. மகளிடம், "மாவு மில் மாமா" என்றார்.

அந்தப் பெண்ணின் கண் அகன்றது. வீட்டில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் போலும். வகுப்பில் விடை கேட்பது போல ஆவலோடு கேட்டாள்: "மாமா, எது மாமா? வேர்க்கடலையா, சோயாவா, எள்ளா? ஒண்ணு சொல்லுங்க, மிச்சத்த நான் சாப்ட்டுக்கலாம்ல?"

"சும்மா இருடி" என்று அந்தம்மா அதட்டினார். வண்டி வந்துவிட்டது. ஏறும்போதும் அந்தப் பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மில்லை மூடி வருஷங்கள் ஆகின்றன. எத்தனையோ பேரின் எத்தனையோ கேள்விகளுக்குக் கூசாமல் பதில் சொன்ன வாய் இது. ஆனால் நாங்களே வறுத்து, நாங்களே அரைத்து, எங்கள் கையாலேயே ஒட்டிக் கொடுத்த ஒரு கவரில் என்ன இருந்தது என்று அந்தக் குழந்தை கேட்டபோது, தெரியாது என்ற ஒற்றை வார்த்தையைக்கூடச் சொல்ல வாய் வராமல் நின்றது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.