தண்ணீர் கலந்த விஸ்கி

சோடா ஊற்றினால் வயிறு உப்ப ஆரம்பித்த பிறகு, விஸ்கியை எதுவும் கலக்காமல் ராவாகத்தான் குடிப்பது என்று முடிவு செய்தேன். வாரத்துக்கு இரண்டு நாள், கொஞ்சமே கொஞ்சம். ஆனால் விலை குறைந்த சரக்கு எதையும் நான் நம்புவதில்லை. எல்லாம் ஒரே டேங்கில் பிடித்து, வேறு வேறு லேபிள் ஒட்டியது என்பது என் எண்ணம். திண்டிவனம் கடையில் வாங்கிய குவார்ட்டர்களை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பேன். ஒன்றில் கருகிய சர்க்கரை வாடை. இன்னொன்றில் பேக்கரி எசன்ஸ். ஒன்று தொண்டையைக் கீறியது.

விழுப்புரத்தில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் என் மச்சினன்தான் கடைசியில் ஒரு பிராண்டைச் சொன்னான். நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஃபுல் பாட்டிலாகவே வாங்கிக்கொண்டு வந்தான். மூடியின் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். நன்றாக இருந்தது. நாக்கில் லேசான இனிப்பு, தொண்டையில் உறுத்தல் இல்லை. விலையும் கைக்கு அடங்கியது. மூடும்போது வழக்கம்போல லேபிளில் பென்சிலால் அளவுக்கோடு போட்டு வைத்தேன்.

மறுநாள் நானும் மனைவியும் சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போனோம். மச்சினன் தலைவலி என்று வீட்டிலேயே படுத்திருந்துவிட்டு, மத்தியானம் ஊருக்குக் கிளம்பினான்.

புதன்கிழமை ஊற்றிக் குடித்தேன். சப்பென்று இருந்தது. கோட்டைப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. அப்படியானால் யாரோ எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வீட்டில் தனியாக இருந்தவன் அவன் ஒருத்தன்தான். உடனே போன் போட்டேன்.

"கேட்டிருந்தா நானே ஊத்திக் குடுத்திருப்பேனே மச்சான். தண்ணிய ஏன் கலந்த?"

அவன் "சரிங்க மாமா" என்று வைத்துவிட்டான்.

பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்காரி சொல்லித்தான் நான் போனில் அப்படிக் கேட்ட விஷயம் மனைவிக்குத் தெரிந்தது. என்னிடம் வந்து, கிறிஸ்துமஸ் கேக்குக்குத் திராட்சை ஊறப்போட அந்தத் திங்கட்கிழமை ஒரு டம்ளர் எடுத்தது தான்தான் என்றாள். சொல்லியிருக்கலாமே என்றேன்.

"கோடு போட்டு வெச்சிக்கினு இருக்கிறவருகிட்ட எப்பிடிங்க கேக்கறது? அதான் கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி வெச்சேன்."

மறுநாளே விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தப்பு என்னுடையது என்றேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். முகத்தைப் பார்க்காமல், "அக்கா வீட்ல திருடுவனா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வந்தான். கேக் இரண்டு துண்டு சாப்பிட்டான். அதே விஸ்கியில் புதுப் பாட்டில் வாங்கி வைத்திருந்தேன். ஊற்றி நீட்டினபோது, வேண்டாம் மாமா, நீங்க சாப்பிடுங்க என்று டம்ளரை என் பக்கமே நகர்த்தி வைத்தான். நிஜமாகவே குடியை விட்டுவிட்டானா, என் வீட்டில் மட்டும்தான் தொடுவதில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.