இல்லத்துச் சோறு

புந்தோங்கில் நாங்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. செயலவைக் கூட்டத்துக்கு வருகிற நாங்கள் அங்கே ஒரு வாய் சோறுகூடச் சாப்பிட மாட்டோம். அடுப்படியிலிருந்து ரசம் மணக்கும். சுங்காய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த அம்மாக்கள், "ஒரு பிடி சாப்பிட்டுப் போங்களேன்" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். நாங்களோ வாசலில் உட்கார்ந்து, கடையில் வாங்கிவந்த தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை, நாசி லெமாக்கை, பிரித்துக்கொண்டிருப்போம்.

தலைவர் அண்ணன் போட்ட சட்டம் அது. வரி விலக்கு இருப்பதால்தான் பெரிய நன்கொடைகள் வருகின்றன. பொறுப்பில் இருப்பவர்கள் இல்லத்தால் ஆதாயம் அடைந்தால் அந்த விலக்கு கைவிட்டுப் போய்விடும் என்பார். ஒரு தட்டுச் சோற்றுக்கெல்லாம் வரி இலாகா வராது என்று செயலாளரான நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! கணக்காய்வு, ஆண்டறிக்கை என்று அலைவதும் நான், ரசத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் நானா என்று எரிச்சலாக வரும்.

அண்ணி தவறிய பிறகு அண்ணன் தனியாள். பிள்ளைகள் இல்லை. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ரொட்டிக்காரர் வந்து கதவைத் தட்டியதால் பிழைத்தார். இனி தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது.

"இங்கேயே தங்கிருங்கண்ணே. யாருக்குத் தெரியப் போகுதுலா?" என்றார் பொருளாளர்.

"தலைவரே ஓசியில இருக்காருன்னு ஆச்சுன்னா விலக்கு போயிரும். எனக்கு ஒரு கட்டில் குடுத்து, இவங்க எல்லார் கட்டிலையும் புடுங்கணுமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்போ பதவிய விட்டுருங்க! திரும்ப விழுந்தா நாங்க என்ன பண்றது?"

அந்த இல்லத்தைத் தொடங்கியவரே அவர்தான். எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மறுவாரம் பதவி விலகினார். சங்கப் பதிவிலாகாவுக்கு எழுதி, புதுத் தலைவரைப் பதிந்து, எல்லோரையும் போல மனுப் போட்டுக் காத்திருந்து, ஒரு துணிப்பையோடும் அண்ணியின் படத்தோடும் குடிவந்தார்.

அன்று மதியம் நான் போனபோது அண்ணன் பழைய வாசல் நாற்காலியில், மடியில் நாசி லெமாக் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் என்ன வாசல்ல? உள்ள சாப்பாடு இருக்குண்ணே."

"பழக்கம்மா" என்று சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இப்போ நான் சாப்பிடலாம்தானே?"

செயலாளரிடம் அனுமதி கேட்கிறார். "சாப்பிடலாம்ணே" என்று கையைப் பிடித்து மேசைக்கு அழைத்துப்போனேன். ஓர் அம்மா சோறு போட்டு ரசம் ஊற்றினார். அண்ணன் ஒரு வாய் வைத்தார்.

"உப்பு கம்மிலா" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நான் வாசலுக்கு வந்து அவருடைய பொட்டலத்தைப் பிரித்தேன். நான் இன்னும் செயலாளர் அல்லவா? அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.