பேருந்தில் தின்ற ரொட்டி

நாலரை மணிக்குள் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஆறு மணிக்கு மகளின் டேகேர் மூடுவதற்குள் நான் சன்னிவேல் போய்ச் சேர்ந்துவிடலாம். ஓக்லாந்தில் அவருடைய மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு இந்த ஒரு கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே எண்பதைத் தாண்டிய ஸ்பானிய நாவலாசிரியை. நடுவில் அனுமதிக் கடிதம். அவர் கையெழுத்து இல்லாமல் என் மொழிபெயர்ப்பை அச்சுக்கு அனுப்ப மாட்டேன் என்று சென்னைப் பதிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கம்யூனிட்டி காலேஜில் ஸ்பானிஷ் படிக்கப் போனேன். அங்கேதான் இவருடைய முதல் நாவல் கையில் கிடைத்தது. மீன்பிடி ஊர் ஒன்றில் ரொட்டிக் கடைக்காரனின் மனைவி. கடைசி அத்தியாயத்தில் புருஷனையும் நாலு வயது மகனையும் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிறாள். என் மகளுக்கும் நாலு வயது.

வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டே, மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவர் எழுதிய நாவல் அது. அப்போது அங்கே சர்வாதிகாரியின் ஆட்சி. தணிக்கை அதிகாரி கடைசிப் பக்கத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டுத்தான் அச்சிட விட்டார். சர்வாதிகாரி செத்து, சட்டம் மாறி, அந்தப் பக்கம் புத்தகத்துக்குள் திரும்பி வரப் பதினோரு வருடம் ஆனது. அதற்குள் அவர் இன்னும் நான்கு நாவல்கள் எழுதிவிட்டார், ஒரு பெரிய பரிசும் வாங்கிவிட்டார். ஆனால் எந்தப் பேட்டியிலும் அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் பேசுவார். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். முன்னுரையில் நானே உருக்கமாக எழுதியிருக்கிறேன்.

அவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அந்தக் காரியத்தைச் செய்திருந்தேன்.

யார் எந்த மொழியில் மொழிபெயர்த்தாலும் கடைசி அத்தியாயத்தை அவர் முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அது அவருடைய வழக்கம். மொழி புரியாது, ஸ்பானிஷ் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பார். ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தின்கிற ரொட்டிக்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று. சொன்னேன். நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வாசித்தேன். ரொட்டி என்று வரும்போதெல்லாம் அவர் விரல் மேசையை ஒரு தட்டு தட்டியது. கடைசிப் பக்கம் வந்தது. விரல் தட்டவில்லை. நான் முடித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்தேன்.

“ரொட்டி எங்கே?” என்றார்.

மூலத்தில், பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் அவள் மகனுக்கென்று துணியில் சுற்றிய ரொட்டியைப் பையிலிருந்து எடுத்து முழுவதையும் தின்கிறாள். அழவில்லை. பசிக்கிறது, தின்கிறாள். அந்த ரொட்டியை எடுத்துவிட்டு அவளை நான் கண்ணைத் துடைத்துக்கொள்ள வைத்திருந்தேன்.

“பிள்ளையின் ரொட்டியைத் தின்கிற தாயை எங்கள் வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள்,” என்றேன்.

பச்சைப் பொய். வாசகர்களை நான் கேட்கவே இல்லை. இந்த மொழிபெயர்ப்புக்காகத்தான் மகளை டேகேரில் விட்டேன். ஒரு சனிக்கிழமை கோயிலில் பிரசாத வரிசையில், “நீ வேலைக்கே போகலையே, அப்புறம் எதுக்கும்மா கொழந்தைக்கு டேகேர்?” என்று ஓர் ஆன்ட்டி எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். சிரித்து மழுப்பினேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து அந்தப் பத்தியை வெட்டினேன். புத்தகத்தின் மேல் என் பெயர் இருக்குமே, அந்தத் தாய் நான்தான் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். வேறொன்றும் இல்லை.

“என் பக்கத்தை வெட்டியவனுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது,” என்றார் அவர். “உனக்கு யார் கொடுத்தார்கள்?”

குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“வீட்டுக்குப் போய்ச் சரிசெய்து அனுப்புகிறேன். மகளைக் கூட்டிவரப் போக வேண்டும்.”

“போ,” என்றார். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மணி நாலே முக்கால். வராண்டாவுக்குப் போய்க் கணவருக்கு போன் செய்தேன். “மீட்டிங்ல இருக்கேன். இப்ப கிளம்பினாலும் கம்பெனி ஷட்டில்ல வந்து சேர ஏழாயிடும். நீதான பிக்கப் பண்றேன்னு சொன்ன?” டேகேருக்கு போன் செய்து, வரத் தாமதமாகும் என்று சொன்னேன். போனை எடுத்த பெண் கொஞ்சம் தயங்கி, “ஓகே மேம்,” என்றாள்.

உள்ளே வந்து பேனாவை எடுத்தேன். ஒன்பது வரிதான். ஒவ்வொரு வரிக்கும் அந்த ஆன்ட்டி வந்து நின்றார். அவரைத் தள்ளித் தள்ளித்தான் எழுதினேன். எழுதியதை வாசித்தேன். மூன்று இடத்தில் ரொட்டி வந்தது. விரல் மூன்று முறை தட்டியது. அவர் கையெழுத்துப் போட்டார்.

ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு டப்பாவில் மகளுக்கென்று சர்க்கரை தடவிச் சுருட்டி வைத்த இரண்டு சப்பாத்தி இருந்தது. ஒன்றை எடுத்தேன். பிறகு இன்னொன்றையும்.

போய்ச் சேரும்போது ஆறே முக்கால். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டன. என் மகள் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தூக்கிவந்து கார் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போடும்போது முன் சீட்டிலிருந்த டப்பாவை எட்டி எடுத்துத் திறந்து பார்த்தாள்.

“அம்மா, வேர் இஸ் மை சப்பாத்தி?”

வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“அம்மா சாப்டுட்டேன்டா செல்லம். பசிச்சுது.”

“ஆல் ஆஃப் இட்?”

“ஆமா,” என்றேன். “முழுசும்.”